மனையும் மரமும்: பாலக்காட்டிலிருந்து மறையூர் வரை

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றூரில் குடியேறும் நம்மவர், சட்டி பானைகளை இறக்கி வைத்ததும் செய்யும் காரியங்கள் இரண்டு. அண்டை அயலில் தமிழ் பேசுவோர் உளரா என விசாரிப்பது ஒன்று. கொல்லையில் ஒரு முருங்கைப் போத்தை ஊன்றுவது மற்றொன்று. வாடகை வீடாயினும் சரி, தோட்டத்து லயமாயினும் சரி, மண் கண்ட இடத்தில் மரம் வைக்காமல் நமக்கு மனம் அமைவதில்லை. நாமும் அவ்வாறே செய்தோம். அதனால் நேர்ந்த துன்பத்தையும், அதன் பின்னர் மரங்களைப் பற்றி நாம் கற்றவற்றையும், சென்ற ஆண்டு சித்திரையில் பாலக்காட்டிலிருந்து மறையூருக்கும் மூணாற்றுக்கும் சென்று வந்த பயணத்தோடு சேர்த்து நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட எமக்குத் தாவர நூற் புலமை கிடையாது. பட்டறிந்ததும் கேட்டறிந்ததுமே ஈண்டு எழுதப்படுகின்றன.

இரயில்வேயில் எழுத்தராக நாம் பாலக்காட்டுக்கு வந்து பத்தாண்டுகள் கடந்துவிட்டன. பாலை மரங்கள் நிறைந்த காடாக இருந்தமையால் இவ்வூர் பாலக்காடு எனப் பெயர் பெற்றது என்பது இங்கே வழங்கும் ஒரு பெயர்க் காரணம். ஆனால் இன்று வருவோரின் கண்ணில் முதலில் படுவது பாலையன்று. வயல் வரப்புகளில் அணிவகுத்து நிற்கும் கரும்பனையே. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை என்னும் நெடுமதிலில், வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்திற்கு ஒரு வாயில் திறந்திருக்கின்றது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். சென்னைக்கும் மேலைக் கடற்கரையிலுள்ள பேப்பூருக்கும் 1862-இல் இருப்புப்பாதை இணைந்தபோது, வண்டி உயர்ந்த மலை ஏறாமல் கடந்து சென்றது இவ்வாயிலின் வழியேதான். வண்டிக்கு வழி விட்ட வாயில் காற்றுக்கும் வழி விடுகின்றது. மார்கழியிலும் தையிலும் கீழைக்காற்று இக்கணவாயினுள் புகுந்து இரவு பகலாக வீசும். ஆனி, ஆடி மாதங்களிலோ மேலைக்காற்று மழையைச் சுமந்து எதிர்த் திசையிலிருந்து வரும். இவ்விரண்டிற்கும் ஈடுகொடுத்து நிற்பது பனை. கிளையற்ற ஒற்றைத் தண்டும், மண்ணை இறுகப் பற்றும் சல்லி வேர்த் திரளும் அதற்குத் துணை. பலன் தரப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் செல்லும். ஆயினும் நின்ற மரம் எளிதில் விழாது.

இதையெல்லாம் அறியாமல், வாடகை வீட்டின் கிழக்குச் சுவரிலிருந்து ஆறடி தூரத்தில் ஒரு முருங்கைப் போத்தை ஊன்றினோம். ஓராண்டில் தழைத்தது, இரண்டாம் ஆண்டில் காய்த்தது. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பது நம் நாட்டில் சிறு குழந்தையும் அறிந்த பழமொழி. எமக்கோ காய்மேல் ஆசை. ஒடித்தால் ஒரு பருவக் காய் போய்விடுமே என்று விட்டுவைத்தோம். மரம் கூரையைத் தாண்டி உயர்ந்தது. 2022-ஆம் ஆண்டு தை மாதத்து இரவொன்றில் கீழைக்காற்றில் பெருங்கிளை முறிந்து கூரையின்மேல் விழுந்தது. ஓடுகள் உடைந்து, கீழே உறங்கிக்கொண்டிருந்த எம் மகனின் நெற்றியில் பட்டன. அன்றிரவு அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். மூன்று தையல்களோடு பிழைத்தான். தழும்பு இன்றும் இருக்கின்றது. அதற்குக் காற்றின்மேல் பழி சொல்ல இயலாது, மரத்தின்மேலும் பழியில்லை. முருங்கை மென்மரம், அதன் கிளை முறியும் என்பது தெரிந்திருந்தும் ஒடிக்காமல் இருந்தது எம் குற்றமே.

மறுநாள் நலம் விசாரிக்க வந்த அண்டை வீட்டு மலையாள மூதாட்டியார், கூரையையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கிழக்கே பலா, தெற்கே கமுகு, மேற்கே தெங்கு, வடக்கே மா என்பது தம் நாட்டு மனை மரபு என்றும், எந்தத் திசையாயினும் மரத்தின் உயரத்தை அளந்து அதற்கேற்பத் தள்ளி வைக்க வேண்டும் என்றும் சொன்னார். திசைக் கணக்கை நம்புவோர் நம்பட்டும், நம்பாதோர் விட்டுவிடட்டும். ஆனால் உயரத்தை அளந்து தள்ளி வை என்ற சொல்லை யார் மறுக்க முடியும்? கன்றை நடும்போது நாம் கன்றின் உயரத்தையே காண்கின்றோம். இருபது ஆண்டுகளுக்குப் பின் அது அடையப்போகும் உயரத்தைக் காண்பதில்லை. தவறெல்லாம் அங்கேதான் தொடங்குகின்றது.

இந்நிலையில்தான் எம் மூத்த தமக்கையார் மூணாற்றிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். மணமாகிச் சென்ற நாள் தொட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். பணி ஓய்வு நெருங்கிவிட்டது. ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். சேமித்ததையெல்லாம் திரட்டி மறையூருக்கு அருகே 6 சென்ட் நிலம் வாங்கி, சிறு வீடு ஒன்றையும் எழுப்பத் தொடங்கியிருந்தார்கள். "தம்பி, மனையில் என்ன மரம் வைப்பது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே நிற்கிற மரத்தைப் பற்றியும் உன் மச்சானிடம் பேச வேண்டும். ஒரு முறை வந்து போ" என்றார். எம்மினும் இருபது ஆண்டுகள் மூத்தவர். இடுப்பில் தூக்கி எம்மை வளர்த்தவர். அவர் வாய்ச்சொல்லைத் தட்ட முடியுமா?

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் பாதை முன்பு மீட்டர் கேஜாக இருந்தது. அகலப்பாதையாக மாற்றப்பெற்று 2015-இல் மீண்டும் திறக்கப்பட்டது. காலை வண்டியில் ஏறினோம். கொல்லங்கோடு கடந்ததும் தெற்கே ஆனைமலைத் தொடர் நெருங்கி வருகின்றது. அடுத்து வரும் முதலமடை, மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்ற ஊர். மற்ற இடங்களில் மா பூத்துக்கொண்டிருக்கும் காலத்திலேயே இவ்வூர்க் காய்கள் சந்தைக்குச் சென்றுவிடும். முதலமடை நிலையத்தில் ஆலமரங்கள் நடைமேடைக்குக் குடை பிடிக்கின்றன. அந்நிழலில் வண்டி நின்ற சில நிமிடங்களில் எமக்குத் தோன்றியது இது: இங்கே ஆலமரம் அழகு, வேர் ஓட இடமும், கிளை பரவ வானும் இருக்கின்றன. இதே ஆலின் விதையைப் பறவை கொண்டுவந்து நம் வீட்டுச் சன்னல் மேலுள்ள சிமெண்டு விளிம்பில் இட்டால், அது சுவரைப் பிளக்கும். ஆலும் அரசும் சுவரில் முளைத்தால் இரண்டிலைப் பருவத்திலேயே வேரோடு களைந்துவிட வேண்டும். கைவிரல் பருமன் ஆன பின்பு வெட்டினால் மேலே மட்டும் வெட்டுப்படும். வேர் உள்ளிருந்து மீண்டும் துளிர்க்கும்.

உடுமலைப்பேட்டையில் இறங்கி மூணாறு செல்லும் பேருந்தில் ஏறினோம். எல்லை கடந்து சின்னாற்றை அடைந்ததும், கேரளம் என்றால் பச்சை என்று எண்ணியிருப்போர் திகைத்துப்போவர். முள்மரங்களும் கள்ளியும் கல்லும் வறண்ட குன்றுகளுமே எங்கும் காட்சியளிக்கின்றன. உயர்ந்த மலைகள் மேலை மழையை மறைத்துக்கொள்வதால் இது மழை மறைவுப் பகுதி. இங்கே பாயும் பாம்பாறும் மேற்கே செல்லாமல் கிழக்கே திரும்பி நம் அமராவதியில் கலக்கின்றது. உடுமலையிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் மறையூர். அங்கிருந்து மேலும் அவ்வளவு தூரம் ஏறினால் மூணாறு. இரண்டும் ஒரே இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆனால் மூணாற்றில் ஆனி, ஆடியில் கொட்டித் தீர்க்கும் மழை மறையூருக்குக் குறைவாகவே கிட்டும். மறையூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையையே பெரிதும் நம்பியிருக்கின்றது. ஆகவே மூணாற்றில் ஆனியில் கன்று நட்டவர், மறையூரிலும் ஆனியில் நட்டால் கன்று காற்றில் வாடும். ஒரே மாவட்டமாயினும் நடுகைக் காலம் வேறு.

மறையூர் என்றவுடன் நினைவுக்கு வருவது சந்தனம். எண் இட்டு, வேலி கட்டி, காவல் வைத்துக் காக்கப்படும் சந்தனக் காட்டைப் பேருந்திலிருந்தே காணலாம். சந்தனத்திற்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு. அது தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரோடு பிணைத்து, நீரையும் உணவின் ஒரு பகுதியையும் அதனிடமிருந்து பெறுகின்றது. அதனால் தொட்டியில் வளர்ப்போர் துவரையைத் துணைச்செடியாக வைப்பர். பறவைகள் விதை பரப்புவதால் இவ்வூர் மனைகளில் சந்தனக் கன்று தானாகவும் முளைக்கின்றது. அதைக் கண்டு மகிழ வேண்டா. சந்தன மரம் நிற்கும் வீட்டைத் திருடர் கண் வைப்பர். வனத்துறையின் இசைவின்றி உரியவரும் வெட்ட இயலாது. குடியிருக்கும் மனைக்கு அது ஏற்ற மரமன்று.

பேருந்து நிறுத்தத்தில் தமக்கையாரின் கணவர் காத்திருந்தார். நேரே மனைக்கு அழைத்துச் சென்றார். சரிவான நிலம். அடித்தளம் முடிந்து சுவர் இடுப்பளவு எழுந்திருந்தது. மனையின் மேல் விளிம்பில் கிராண்டிஸ் என இங்கு அழைக்கப்படும் தைல மரங்கள் மூன்று வானளாவி நின்றன. அவற்றுள் நடுமரம் வீட்டின் பக்கம் சாய்ந்திருந்தது. தேயிலை ஆலைகளின் அடுப்புக்கு விறகு வேண்டி இம்மலைகளில் பெருமளவில் நடப்பட்ட அயல்நாட்டு இனம் அது. விரைவில் வளரும், விரைவில் பணமாகும், நீரை மிகுதியாக உறிஞ்சும். அவர் சொன்னார்: "மாப்பிள்ளை, இன்னும் இரண்டு ஆண்டு நின்றால் இந்த மூன்றும் நல்ல விலை போகும். அந்தப் பணத்தில் மேல்தளம் போட்டுவிடலாம். உங்கள் அக்காள்தான் பயந்து சாகிறாள்."

நாம் உடனே விடை கூறவில்லை. இருவரும் மரத்தைச் சுற்றி வந்து பார்த்தோம். பெரிய மரத்தின் கீழ்க் குடியிருப்போர் யாவரும் ஆண்டுக்கொரு முறை செய்ய வேண்டிய சோதனை இதுவே. அடிமரத்தில் காளான் முளைத்திருக்கின்றதா? தட்டினால் பொள்ளல் ஓசை கேட்கின்றதா? சாய்வு பழையதா, புதியதா? பழைய சாய்வாயின் மரத்தின் நுனி மீண்டும் நிமிர்ந்து வளர்ந்திருக்கும். புதிய சாய்வாயின் மறுபுறத்து மண் வெடித்து வேர் தூக்கியிருக்கும். அண்மையில் யாரேனும் வேரை வெட்டினரா? காளான் இல்லை, பொள்ளலும் இல்லை. ஆனால் அடித்தளத்திற்காக மண்ணை வெட்டியபோது, கீழ்ப்புறத்து வேர்கள் வரிசையாக அறுபட்டிருந்தன. வெட்டுமுகம் இன்னும் வெளிறியிருந்தது.

"மச்சான், இந்த மரத்துக்கு ஒரு பக்கத்துக் காலை நாமே வெட்டிவிட்டோம்" என்றோம். அவர் பேசவில்லை. எம் மகனின் நெற்றித் தழும்பை அவர் அறிவார்.

மாலையில் மூணாற்றுக்கு ஏறினோம். சாலையோரத்து ஜகரண்டா மரங்கள் கடைசிப் பூக்களை உதிர்த்து வழியை நீலமாக்கியிருந்தன. இருப்புப்பாதைக்காரராகிய நமக்கு மூணாற்றில் ஒரு நினைவு உண்டு. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1908 முதல் சிறு இரயில் ஓடிற்று. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதை அடித்துச் சென்றது. டாப் ஸ்டேஷன் என்னும் பெயர் மட்டும் இன்றும் எஞ்சியிருக்கின்றது. மலை தரும், மலை எடுத்தும் கொள்ளும். பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6 இரவு மலை சரிந்து லயங்களை மூடி, 70 பேரைக் கொண்டுசென்றதை நம்மவர் மறக்க முடியாது. மாண்டோர் தோட்டத்தில் உழைத்த தமிழ்க் குடும்பத்தினர். அன்றிரவு முதல் பெருமழை நாளில் தம் லயத்தில் எவரும் கண்ணயர்வதில்லை என்று தமக்கையார் கூறினார். மரத்தின் வேர் மேல்மண்ணைப் பிடித்து நிறுத்தும் என்பது உண்மையே. ஆனால் மலையின் உச்சியிலிருந்து ஆழமாகப் பிளந்து வரும் சரிவை வீட்டு மரம் தடுக்காது. மரம் இருக்கின்றது என்ற தைரியத்தில், எச்சரிக்கை கிடைத்த பின்பும் சரிவின் அடியில் தங்கிவிடக் கூடாது.

லயத்தின் வாசலில் ஒரு கொய்யா மரம். அடிமரம் வழவழவென்று தோல் உரிந்து, இரண்டு ஆள் உயரத்தில் குடைபோல் விரிந்திருந்தது. எம் தமக்கையார் மணமாகிப் புறப்பட்ட நாளில், தென்காசிக்கு அருகிலுள்ள எம் சிற்றூரின் கொல்லையிலிருந்து அன்னையார் பெயர்த்துக் கொடுத்த கன்று அது. அன்னையார் மறைந்துவிட்டார். ஊர் வீட்டையும் விற்றுவிட்டோம். அக்கொல்லையில் இப்போது கட்டடம் நிற்கின்றது. எம் அன்னையின் கை பட்டவற்றுள் உயிரோடு எஞ்சியது இம்மரம் ஒன்றே. அதனடியில் அமர்ந்து தேநீர் அருந்தும்போது தமக்கையார் மெல்லக் கேட்டார்: "வீடு தோட்டத்தினுடையது, விட்டுப் போகிறோம், சரிதான். அம்மா கொடுத்த மரத்தையும் இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டுமா, தம்பி?"

முப்பது ஆண்டு மரத்தைப் பெயர்த்தெடுத்து நடுதல் நம் போன்றோர்க்கு இயலாத காரியம். ஆனால் கொய்யாவிற்குப் பதியன் உண்டு. பென்சில் பருமனுள்ள நல்ல கிளையில் ஓர் அங்குல அகலத்திற்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரப் பாசியையோ மட்கிய தென்னை நாரையோ வைத்து, பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டிவிட வேண்டும். மழைக்காலத்தில் ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் விடும். பின் அதன் கீழே அறுத்துப் பையில் நட்டு, ஒரு மாதம் நிழலில் தேற்றி, நிலத்தில் வைக்கலாம். விதையிலிருந்து வரும் கன்று தாயை ஒத்திருக்கும் என்ற உறுதியில்லை. பதியனோ அதே மரம்தான். ஆனியில் கட்டினால் ஐப்பசி மழைக்கு மறையூரில் நடலாம் என்று கணக்கிட்டுச் சொன்னோம். தமக்கையாரின் முகம் தெளிந்தது.

அன்றிரவு மூவரும் அமர்ந்து 6 சென்ட் மனைக்குத் திட்டம் வகுத்தோம். 6 சென்ட் என்பது ஏறக்குறைய 2,600 சதுர அடி. வீடு போக எஞ்சும் இடத்தில் ஒரு பெருமரத்திற்குத்தான் இடமுண்டு. அது பலா என்று முடிவு செய்தோம். சரிவின் கீழ் மூலையில், வீட்டிலிருந்து இயன்ற அளவு தள்ளி, நீர் தேங்காத மேட்டில் அதற்கு இடம். பலா வேர் அசைவைப் பொறாது. ஆதலின் நிலைத்து நிற்கும் இடத்திலேயே விதையை ஊன்றிவிடுவது நன்று. சமையலறைப் பக்கம் கறிவேப்பிலையும் எலுமிச்சையும், வாசலில் கொய்யா. முருங்கை வேலியோரத்தில், ஒவ்வொரு காய்ப்பு முடிந்ததும் இடுப்பளவில் வெட்டிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு! தென்னை கூரைக்கும் நடைபாதைக்கும் மேலே கூடாது. மேல் விளிம்பில் மண் கரையாமல் இருக்க வெட்டிவேர் வரிசை. மயில்கொன்றை பூவால் மயக்கும். கிளை முறியும் மரமாதலின் அது சாலைக்கும் மைதானத்திற்கும் உரியது, சிறு மனைக்கன்று.

வெட்டுவதா, வைப்பதா என்ற வினாவிற்கு விடை காலையில் கிடைத்தது. "வெட்டிவிடுவோம், மாப்பிள்ளை. மேல்தளம் எப்போதாவது வரும்" என்றார் அவர். அரசு அலுவலகத்தில் விதிகளை விசாரித்து, வைகாசி முடிவதற்குள் மூன்று மரங்களையும் இறக்கினர். சரிவாதலின் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கவில்லை. தோண்டினால் மண் இளகும். கட்டை துளிர்க்குந்தோறும் தளிரைக் கிள்ளிவிட வேண்டும். அது மட்கி வேர் வலிவிழக்குமுன் வெட்டிவேர் பிடித்துக்கொள்ள வேண்டும். அறுத்த மரம் உள்ளே பொள்ளல் இல்லாமல் உறுதியாகவே இருந்தது என்று பின்னர் தொலைபேசியில் கூறினார். குரலில் சிறிது வருத்தம் இருந்தது. இரண்டு ஆண்டு நின்றிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்ற கணக்கை நாமும் மனத்தில் போட்டுப் பார்த்தோம். அது விழுந்திருக்குமா, நின்றிருக்குமா என்பதை இனி எவரும் அறியமுடியாது. ஆயினும் ஆடி மாதத்தில் புதுக்கூரையின் கீழ்க் குடும்பம் அச்சமின்றி உறங்கிற்று. அவ்வுறக்கத்திற்கு விலை இருக்கின்றதென்றால் அதுதான் விலை.

தமக்கையார் நான்கு பதியன்கள் கட்டினார். இரண்டு பட்டுப்போயின, இரண்டு வேர் விட்டன. ஐப்பசியில் ஒன்று மறையூர் வாசலில் ஊன்றப்பட்டது. மற்றொன்று பேருந்திலும் இரயிலிலும் எம் மடிமேல் பயணம் செய்து பாலக்காடு வந்து சேர்ந்தது. வாடகை வீடாதலின் நிலத்தில் நடவில்லை. பெரிய பீப்பாயை அறுத்து, அடியில் துளையிட்டு, அதில் வைத்திருக்கின்றோம். மாற்றல் ஆணை வந்தால் சாமான்களோடு அதுவும் வரும். எம் மகன்தான் நாள்தோறும் நீர் வார்க்கின்றான்.

அன்பர்களே, மரம் வைப்பதற்கு முன் நான்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே காற்று எத்திசையிலிருந்து வரும்? மழை எம்மாதத்தில் பெய்யும்? இக்கன்று முழு மரமானால் எவ்வளவு உயரமும் அகலமும் கொள்ளும்? இந்நிலம் நமதா, பிறரதா? வைத்த பின்பு, அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசாதீர், ஆணி அறையாதீர். மின்கம்பிக்காக ஒரு பக்கம் கிளை வெட்டினால் மறுபக்கமும் பாரம் குறையுங்கள். பெருங்கிளையை வெட்டும்போது முதலில் அடிப்புறத்தில் சிறிது அறுத்து, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது. எஞ்சிய கட்டையை இறுதியில் கழுத்தோடு ஒட்ட நறுக்கலாம். இவையனைத்தையும் பருவக்காற்று எழுமுன் முடித்துவிடுங்கள்.

நம்மில் பலர் பிறர் மண்ணில் மரம் வைத்துவிட்டு, நிழல் பரவும் வேளையில் வேறு ஊருக்குச் செல்பவர். அதனால் மரம் வைப்பதை விட்டுவிட வேண்டா. நமக்குப்பின் அவ்வீட்டில் குடிவருவோரின் தலைமேல் விழாத மரமாகத் தேர்ந்து வைத்துவிட்டு, ஒரு பதியனை உடன் எடுத்துச் செல்லுங்கள். மூணாற்று லயத்தில் இப்போது வேறொரு குடும்பம் குடியேறியிருக்கின்றது. அந்தக் கொய்யாவை அவர்களும் வெட்டவில்லை என்று தமக்கையார் சொல்லக் கேட்டு மகிழ்ந்தோம்.